கண்ணாடிப் பஞ்சு வேறு வீட்டுக்குப் போனது பற்றி

சாலோ வீடு,
தண்டர் பே, ஒன்டாரியோ.
அக்டோபர் 19, ஞாயிறு.

மதிப்பையும் அன்பையும் சம அளவில் கலந்து, ஐலா அக்காவுக்கு ஹெலி எழுதுவது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஃப்ரிட்ஜைத் திறந்து, இரண்டு கைகளையும் உள்ளே நீட்டி, கொஞ்ச நேரம் சூடு காய்ந்தேன். நான் ஏதோ மாற்றி எழுதிவிட்டதாக நீ நினைக்க வேண்டாம். சமையலறையில் இரண்டு டிகிரி, ஃப்ரிட்ஜுக்குள் நான்கு. பால் பாட்டிலைத் தொட்டால் இதமாக இருந்தது. வெண்ணெய்க்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்திருந்தால் நாற்காலியைப் போட்டு உள்ளேயே உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேன்.

இது வந்து சேரும்போது நீயும் கோர்டன் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்றும், உங்கள் விக்டோரியாவில் ரோஜா இன்னும் பூத்துக்கொண்டிருக்கும் என்றும் நம்புகிறேன். அத்தானின் முழங்காலை நான் மிகவும் விசாரித்ததாக அத்தானிடம் சொல்லவும். போன வாரம் நீ போனில் "சுவர் முடிஞ்சுதாடி?" என்று கேட்டதற்கு "கிட்டத்தட்ட" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஆனால் கிட்டத்தட்ட என்பது பொய்யில்லை. சுவர் முடிந்துவிட்டது, குளிர் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு அடைத்து, ஜிப்சம் பலகை அடித்து, பட்டி பார்த்து, பெயிண்டுக்குத் தயாராக, முத்துப்போல முடிந்துவிட்டது. என்ன, இங்கிருந்து நானூறு மீட்டர் தள்ளி முடிந்திருக்கிறது.

இதை ஏன் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுகிறேன் என்றால், போனில் நீ மூன்றாவது வாக்கியத்திலேயே "அதான் அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கிட முடியாது. முழுக்கப் படித்தாக வேண்டும்.

ஆகஸ்டில் நீ வந்திருந்தபோது நாம் பேசிக்கொண்டதை நான் மறக்கவில்லை. அக்டோபர் முடிவதற்குள் இந்த வீட்டுக்குள் இருபது டிகிரி நிலையாக நின்றால் வீடு என்னிடமே இருக்கும். நிற்காவிட்டால் விற்றுவிடுவது, நான் உங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்துவிடுவது. ரொம்ப நியாயமான ஒப்பந்தம். இருபது டிகிரி என்ன பெரிய விஷயம், நல்ல ஆளாகப் பார்த்துப் பிடித்தால் முடிந்தது என்று நானும் தலையாட்டினேன். அந்த நல்ல ஆளைப் பிடித்த கதைதான் இனிமேல் வருவது.

இந்தப் பக்கத்தில் சுவர் வேலைக்கு ஆள் பிடிப்பது என்றால் உனக்குத் தெரியாததா. நாம் அவர்களைத் தேடிப் போவதில்லை, நம்மைப் பற்றி நல்ல வார்த்தையாக நாலு பேர் சொல்லி, அது அவர்கள் காதுக்குப் போய், அவர்களாக மனமிரங்கிக் கூப்பிட வேண்டும். ஹார்டுவேர் கடைக் கவுண்ட்டரில் சொல்லி வைத்தேன், காபிக் கடையில் சொல்லி வைத்தேன், நூலகத்துக்குப் புத்தகம் திருப்ப வந்த பிளம்பரிடம் அபராதத்தைத் தள்ளுபடி செய்தே சொல்லி வைத்தேன். பதினெட்டாம் நாள் போன் வந்தது.

"லைல் பேசறேன். சுவர் வேலை இருக்காமே. எந்த வீடு?"

"ராண்டா. ஹெலி ராண்டா. பாலம் தாண்டி மேட்டுல ஏறினதும் இடது பக்கம், பச்சைக் கூரை..."

"ராண்டா வீடா! அதை எனக்குச் சொல்லணுமா? எழுபத்தொம்போதுல அந்த வாசல்படியிலதானே விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டேன்! வடக்கு ரூம் பன்னெண்டுக்குப் பதினாலு அடி. சரியா?"

"பதினொண்ணுக்குப் பதினாலுங்க."

"பன்னெண்டு. நான் விழுந்த வீடு, எனக்குத் தெரியாதா? நேர்ல வந்து அளக்கவே வேணாம்."

நான் டேப்பை எடுத்து மறுபடி அளந்தேன். பதினொன்றுதான். கையை ஒடித்துக்கொண்டபோது தலையும் கொஞ்சம் அடிபட்டிருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேனே தவிர, அந்த மனிதர் வேறொரு வீட்டின் வேறொரு அறையைச் சரியாகச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருந்தாலும் விலாசத்தை எழுதிக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்தினேன். "இருங்க, இருங்க" என்றார், பென்சில் எதன் மேலோ கரகரவென்று ஓடும் சத்தமும் கேட்டது. எதன் மேல் என்பது பிறகுதான் தெரிந்தது. லைல் காகிதம் வைத்துக்கொள்வதில்லை அக்கா. கையில் கிடைக்கிற ஜிப்சம் பலகைத் துண்டில் எழுதுவார். என் பெயர், பாலம், மேடு, பச்சைக் கூரை எல்லாம் எழுதியிருந்த துண்டு, மறுநாள் வேறு யாரோ ஒருவர் வீட்டுக் குளியல் தொட்டிக்கு மேலே தேவைப்பட்ட அளவுக்குக் கச்சிதமாக இருந்ததாம். எடுத்து மாட்டிவிட்டார், எழுத்து உள்பக்கம் போகும்படி. இந்த வட்டாரத்தில் பாதிச் சுவர்களுக்குள் லைலின் வாக்குறுதிகள் இருக்கின்றன. ஆகவே அக்டோபர் ஆறாம் தேதி, திங்கட்கிழமை காலை அவர் நினைவில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல், ராண்டா.

போனை வைப்பதற்கு முன்னால் அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். "பழைய சுவரை நீங்களே உடைச்சு வெச்சுடுங்க. எனக்கு ஒரு நாள் மிச்சம். வெளிச்சுவர் மட்டும். கேக்குதா? வெளிச்சுவர் மட்டும்."

கேட்டது. சனிக்கிழமை காலை கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு முகமூடியும் போட்டுக்கொண்டு, கடப்பாரையைக் கையில் எடுத்தபோதுகூட எனக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் பலகையைப் பெயர்த்ததும், சாலோ குடும்பத்தார் அந்தக் காலத்தில் குளிருக்காகச் சுவருக்குள் கொட்டிவைத்த மரத்தூள் பொலபொலவென்று கொட்டி முழங்கால் வரை வந்தது. நான் அலறவில்லை. சிரித்தேன். அக்கா, எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. கல்லூரி நூலகத்தில் இருபது வருஷமாகப் பொருள்களுக்குச் சரியான பெயரும் எண்ணும் கொடுத்து அடுக்கி வைக்கிறேன். ஒரு கோப்பையைக்கூட வேண்டுமென்று உடைத்தவளில்லை. உடைந்தால் யார் மேலும் கோபப்படாமல் பெருக்கி எடுப்பவள். அப்படிப்பட்டவள் கையில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து, உடை, உடைத்தால்தான் நல்லது என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும் என்று அந்த மனிதர் யோசித்திருக்க வேண்டும். வடக்குச் சுவரை முடித்தேன், மேற்குச் சுவரை முடித்தேன், கிழக்கையும் தெற்கையும் முடித்தேன், சாப்பிட மறந்தேன். மாலையில் நிமிர்ந்து பார்த்தால் வெளிச்சுவர் எல்லாம் தீர்ந்துபோய்விட்டது, கை மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. அதனால் என் அறைக்கும் உன் அறைக்கும் நடுவில் இருந்த சுவரையும் உடைத்துவிட்டேன்.

கோபப்படாதே. மரச்சட்டங்கள் அப்படியேதான் நிற்கின்றன, பலகைதான் இல்லை. உன் கட்டில், பதக்கங்கள், நீ யாரும் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்த அட்டை எல்லாவற்றையும் போர்வை போட்டு மூடி பத்திரமாக வைத்திருக்கிறேன். விற்பதற்கு முன்னால் அந்தச் சுவரை லைலிடம் சொல்லி மறுபடி எழுப்பிவிடுவதாக இருக்கிறேன்.

திங்கள் காலை ஏழு மணிக்கு காபி போட்டுவைத்துக் காத்திருந்தேன். எட்டானது, ஒன்பதானது. நூலகத்துக்குக் கிளம்பிப் போகிற வழியில், மேட்டுக்குக் கீழே ஓரெஸ்ட் வீட்டு வாசலில் லைலின் வண்டி நின்றது. ஓரெஸ்டை உனக்கு நினைவிருக்கும், தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி போனபிறகு தனியாக இருக்கிறார். அட, ஓரெஸ்டும் சுவர் வேலைக்குச் சொல்லியிருக்கிறாரா, அவருக்கு முதலில் முடித்துவிட்டு எனக்கு வருவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, வண்டிக்கு மரியாதையாகக் கை காட்டிவிட்டுப் போனேன். செவ்வாய்க்கிழமையும் கை காட்டினேன். நீ கேட்பாய், இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று. நீ இங்கிருந்து போய் ரொம்ப நாளாகிவிட்டது. இங்கே காண்ட்ராக்டரை அவசரப்படுத்தியவர்கள் எல்லாம் அடுத்த வசந்தத்துக்குத்தான் சுவரைப் பார்த்தார்கள். ஆகவே நான் அவசரப்படுத்தவில்லை. புதன்கிழமை ஐசிங் வழியும் பெர்ஷியன் பன் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன், அவ்வளவுதான்.

கதவைத் திறந்தது எட்டடி உயரத்தில் ஒரு பெண். என் கண்ணுக்கு நேரே அவள் முழங்கால் இருந்தது. லைலின் மச்சினி க்ளெண்டா. உட்கூரைக்குப் பட்டி பார்ப்பதற்காகக் காலில் அலுமினியப் பொய்க்கால் கட்டியிருந்தாள், அதிலேயே நடந்து வந்து கதவைத் திறக்கிறாள்.

"யாரு வேணும்?" குரல் மேலிருந்து வந்தது.

"யாரும் வேண்டாம். பன் கொண்டாந்தேன்."

"லைல்! இன்னொருத்தர் சாப்பாட்டோட வந்திருக்காங்க!"

லைல் வந்தார். தலை, மீசை, புருவம் எல்லாம் வெள்ளை மாவு. "அடடா, இந்த ரோட்டுல எல்லாருமே இப்படித்தானா? காலையில வீட்டுக்காரர் பெரோகிக் கொழுக்கட்டை, மத்தியானம் போர்ஷ் சூப், இப்ப நீங்க பன். இன்னும் ரெண்டு ரூம் இருந்தாக்கூட முடிச்சுக் குடுப்பேன்!"

"இங்க எப்ப முடியும்?"

"நாளைக்கு. ராண்டா வீடு முடிஞ்சா எனக்கு வேற வேலை இல்ல. நேரா மூஸ் மான் வேட்டைதான்."

"அதுக்கு முன்னாடி... மேட்டு மேல ஒரு வேலை இருக்குமே?"

"மேட்டு மேலயா? அங்க ஒண்ணும் இல்லையே. ஏன், யாராவது கேட்டாங்களா?"

இந்த இடத்தில் நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ராண்டா வீடு என்று அவர் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. ஆனால் அதில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஏன் தெரிய வேண்டும்? எனக்கு ஐந்து வயது, உனக்குப் பத்து வயது இருக்கும்போது அந்த வீட்டை ஓரெஸ்டுக்கு விற்றுவிட்டு அப்பா நம்மை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அது ராண்டா வீடு. அதற்கு முன் அது பெக்கா வீடு, நாம் இருந்தவரை. நாம் வந்து குடியேறிய இந்த வீடு சாலோ வீடு. இந்த ஊரில் ஒரு வீட்டுக்கு, அதை விட்டுப் போனவர்கள் பெயர்தான், இருப்பவர்கள் பெயர் இல்லை. ஓரெஸ்ட் நாற்பத்தோரு வருஷமாக ராண்டா வீட்டில் இருக்கிறார், அவரே கடிதத்தில் அப்படித்தான் போடுகிறார். நானும்கூடத்தான். இந்தக் கடிதத்தின் முதல் வரியைத் திரும்பிப் பார்.

லைல் என்னை அடியோடு மறந்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் வாயில் பன் இருக்கிற ஒரு மனிதரிடம், அதுவும் இன்னொருவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, நீங்கள் என்னை மறந்துவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது? "சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அவர் போனில் ஒரு மரியாதையான செய்தி விட்டேன். அவர் செய்திகளைக் கேட்பதில்லை என்று பிறகு தெரிந்தது.

அந்தப் பக்கம் ஓரெஸ்ட் வீட்டில் என்ன நடந்தது என்று கேள். திங்கள் காலை ஏழு மணிக்கு லைலும் க்ளெண்டாவும் பஞ்சு மூட்டைகளோடு போய் இறங்கியிருக்கிறார்கள். ஓரெஸ்ட் பைஜாமாவோடு வந்து "என்னப்பா இது?" என்று கேட்க, லைல், "எல்லாம் பேசி முடிச்சாச்சு, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றிருக்கிறார். வியாழக்கிழமை ஓரெஸ்டுக்கு எழுபத்தைந்து வயது முடிகிறது. வின்னிபெக்கில் இருக்கும் மகள் ஒக்ஸானா அப்பாவுக்குச் சொல்லாமல் பிறந்தநாள் பரிசு ஏற்பாடு செய்திருக்கிறாள் என்று அவர் முடிவு செய்துவிட்டார். போன் போட்டுக் கேட்கலாம்தான், ஆனால் கேட்டால் மகளுக்கு ஆசை கெட்டுப்போகுமே! அதனால் நான்கு நாள் ஒன்றும் தெரியாதவர்போல நடித்திருக்கிறார், மகளே இல்லாத வீட்டில். சுவர் உடைக்காமல் இருப்பதைப் பார்த்து லைல் "உடைச்சு வெக்கச் சொன்னேனே" என்று முணுமுணுத்ததும், ஓரெஸ்ட் கொட்டகைக்கு ஓடிப்போய் சம்மட்டியை எடுத்துவந்து தானே உடைக்க ஆரம்பித்திருக்கிறார். க்ளெண்டா சொன்னாள், "எழுபத்தஞ்சு வயசுல அந்தாளு பாடிக்கிட்டே உடைச்சாரு."

வியாழக்கிழமை மாலை ஒக்ஸானா வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டாள். அனுப்பிய பரிசு கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது கண்ணே, உன் அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும், வீடே மாறிப்போச்சு என்று அவர் அழுதிருக்கிறார். ஒக்ஸானா அனுப்பியது ஒரு ஜோடி காலுறை.

அரை மணி நேரத்தில் என் கதவு தட்டப்பட்டது. ஓரெஸ்ட் ஒரு பாத்திரம் நிறைய முட்டைக்கோஸ் சுருளோடு நின்றார். பின்னால் லைல், அவருக்குப் பின்னால் க்ளெண்டா, பொய்க்கால் இல்லாமல், எதிர்பார்த்ததைவிடக் குள்ளமாக. பாலத்திலிருந்து மேட்டு வரை யார் யாருக்கெல்லாம் சுவர் தேவைப்பட்டிருக்கும் என்று மூவருமாக யோசித்து என்னிடம் வந்திருக்கிறார்கள். லைல் உள்ளே வந்து, வெறும் மரச்சட்டங்களும் அவற்றின் இடுக்கில் தெரிந்த வெளிப் பலகையுமாக நின்ற என் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"அட! யாரோ ரொம்ப ஒழுங்கா உடைச்சு வெச்சிருக்காங்களே!"

"நீங்கதான் சொன்னீங்க."

"எப்ப?"

"போன்ல. நான்தான் ஹெலி ராண்டா."

லைல் உட்கார்ந்தார். உட்காருவதற்கு நாற்காலி இல்லை, மரத்தூள் மூட்டை மேல் உட்கார்ந்தார். "ஏங்க, ராண்டா வீடுன்னு சொன்னா நான் ராண்டா வீட்டுக்குத்தானே போவேன்?"

"இது என் வீடு. நான் ராண்டா."

"இருங்க, நீங்க ராண்டாதான், யாரு இல்லேன்னா? ஆனா இது சாலோ வீடு."

"நாங்க இங்க வந்து நாப்பத்தோரு வருஷமாச்சு!"

"வந்து எத்தன வருஷமானா என்ன, இன்னும் போகலையே!"

"அப்ப இது எப்பத்தான் ராண்டா வீடாகும்?"

"நீங்க வித்துட்டுப் போங்க. மறுநாள் காலையில ராண்டா வீடு."

க்ளெண்டா கதவோரம் நின்றபடி, "அப்ப இந்த ரோட்டுல ரெண்டு ராண்டா வீடு ஆயிடும். எங்க மச்சானை நெனச்சுப் பாருங்க" என்றாள். ஓரெஸ்டுக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது.

பிறகு தீர்வு பேசினோம். லைல் நல்ல மனிதர்தான், அவர் முகம் மாவைவிட வெளுத்துவிட்டது. "நாளைக்கே ஸ்க்ரூவைக் கழட்டி, பலகையைப் பிரிச்சு, பஞ்சை உருவி இங்க கொண்டாந்துடறேன்" என்றார். ஓரெஸ்ட் எழுந்து நின்றுவிட்டார். "என் சுவரு மேல கை வெச்சுப் பாரு! நாப்பத்தோரு வருஷத்துல நேத்துதான் குல்லா போடாமத் தூங்கினேன். செலவு என்னோடது, சுவரும் என்னோடது. ஏம்மா ஹெலி, நீ இதுக்குச் சம்மதிப்பியா?" என்றார். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு, பிரித்துக் கொண்டுவாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? உனக்கு வந்திருக்கும். எனக்கு வரவில்லை. சரி, புதுப் பஞ்சு வாங்கி எனக்கு வேலையைச் செய்யுங்கள் என்றேன். லைல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினார். அவருக்கு இந்த வருஷம் மூஸ் அனுமதிச் சீட்டு விழுந்திருக்கிறதாம், பதினோரு வருஷக் குலுக்கலுக்குப் பிறகு. பதினொன்றாம் தேதி சனிக்கிழமை கிளம்புகிறார், ஒன்பது நாள், இருபதாம் தேதி காலைதான் வேலைக்கு வருவாராம். பதினோரு வருஷம் காத்திருந்த மனிதரிடம், போகாதே என்று இந்த மாவட்டத்தில் ஒரு நீதிபதிகூடச் சொல்லமாட்டார். போகும் முன் வெள்ளிக்கிழமை நாற்பது மூட்டை பஞ்சையும் பலகைக் கட்டுகளையும் கொண்டுவந்து என் கூடத்தில் இறக்கிவிட்டுப் போனார். இந்த முறை சரியான வீட்டில்.

அன்றிலிருந்து நான் சவுனாவில் குடியிருக்கிறேன். கொல்லையில் அப்பா கட்டிய அந்த நீராவிக் குளியல் கட்டை வீடு எட்டடிக்குப் பத்தடி, அதில் பாதி கல்லடுப்பு. மேல் பலகையில் படுக்கை, கீழ்ப் பலகையில் அலுவலக உடைகள், தண்ணீர் வாளி கவிழ்த்தால் மேசை. சாயங்காலம் நாலு விறகு போட்டால் காலை வரைக்கும் வியர்க்கிறது. நூலகத்தில் எல்லாரும் உன் தோல் எப்படி இப்படிப் பளபளக்கிறது என்று கேட்கிறார்கள். உடம்பில் பிர்ச் மரப் புகை மணக்கிறது, இரண்டு மாணவர்கள் என் மேசைப் பக்கம் வந்ததும் பசிக்கிறது என்று சொன்னார்கள். நன்றித் திருநாள் விருந்து ராண்டா வீட்டில். சட்டைக் கையோடு உட்கார்ந்து சாப்பிட்டேன், அவ்வளவு கதகதப்பு. ஓரெஸ்ட் சாப்பாட்டுக்கு நடுநடுவே எழுந்துபோய்ச் சுவரைத் தடவிவிட்டு வந்தார். "வான்கோழி எப்படி?" என்று கேட்பதற்குப் பதிலாக "இங்க தொட்டுப் பாரு, இங்க தொட்டுப் பாரு" என்றே உபசரித்தார். காலையில் மட்டும் நான் என் வீட்டுக்குப் போய் காபி போடுகிறேன், ஃப்ரிட்ஜில் கை காய்கிறேன்.

ஆகவே அக்கா, உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்கிறேன். லைல் நாளை வந்தாலும், நல்ல வேகத்தில் செய்தாலும், மாதம் முடிவதற்குள் இருபது டிகிரி நிற்காது. ஒப்பந்தப்படி நீ ஜெயித்துவிட்டாய். தனியாக ஒரு பெண், பனிக்குக் கீழே ஒரு வீடு, அந்த வீட்டுக்கு அவள் பெயர்கூட இல்லை என்று நீ ஆகஸ்டில் சொன்னது என்னைக் கொஞ்சம் குத்தியது, ஆனால் அதில் தவறான வார்த்தை ஒன்றும் இல்லை. யோசித்துப் பார்த்தால், பெற்றவர்கள் காலத்துக்குப் பிறகு நான் இங்கே இருந்ததே ஒரு காவலாளி மாதிரித்தான். அம்மா மாட்டிய திரை, அப்பா அடித்த ஆணி, நீ பூட்டி வைத்த அறை. எதையும் நகர்த்தியதில்லை. உங்கள் மாடி அறை சின்னதானாலும் சூடாக இருக்கும், கடல் தெரியும், அத்தானும் என்னைக் கண்டால் குறுக்கெழுத்துப் புதிருக்கு ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்படுவார். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு புரோக்கர் அம்மாள் வரும்போது எல்லாம் பேசி முடித்துவிடுகிறேன். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்த விற்பனைப் படிவத்தில் நானும் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் ரோஜாக்களுக்கு உறைபனியே தெரியாதிருக்கட்டும், உன் குழாய்கள் ஒருநாளும் வெடிக்காதிருக்கட்டும், உங்கள் இருவருக்கும் முழங்காலிலும் மனத்திலும் வலியின்றி இந்தக் குளிர்காலம் கழியட்டும்.

என்றும் உன் சொல் கேட்கும் தங்கை,
ஹெலி

பி.கு. மேலே எழுதியது காலையில். இப்போது பிற்பகல் மூன்று மணி. உறையை ஒட்டப் போகும்போது க்ளெண்டா வந்தாள், அவள் வேட்டைக்குப் போகவில்லை. நாளைக்குத் தேவையான பலகையை எண்ணிவிட்டுப் போக வந்திருக்கிறாள். உன் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் நிற்கும் சட்டங்களைக் கையால் அசைத்துப் பார்த்தாள். "இது எதையும் தாங்கலையே ஹெலி. சும்மா நின்னுக்கிட்டிருக்கு. இதுக்கும் பலகை அடிக்கணுமா?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அவள் போனபிறகு அந்தச் சட்டங்களுக்கு நடுவே நின்றேன். உன் ஜன்னல் வெயிலும் என் ஜன்னல் வெயிலும் முதல்முறையாக ஒரே தரையில் விழுந்திருந்தன. அறை இரண்டு மடங்கு பெரிது அக்கா! மேசையை இங்கே போடலாம், புத்தகங்களை அந்த நீளச் சுவர் முழுக்க அடுக்கலாம் என்று கையை நீட்டி அளந்துகொண்டிருந்தேன், அளக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

பிறகு பிழை பார்க்கலாம் என்று கடிதத்தை முதலிலிருந்து படித்தேன். ஏழு இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தோற்றுப்போனவள் எழுதிய கடிதம் மாதிரி இது இல்லை. எந்த வரியிலும் நான் வருத்தமாக இல்லை, அந்த மாடி அறையைப் பற்றி எழுதிய வரியைத் தவிர. அங்கே மட்டும் கையெழுத்து ரொம்ப அழகாக இருக்கிறது, பார்.

அதனால் படிவம் உறைக்குள் இல்லை. தேடாதே. ஒப்பந்தத்தை மீறுகிறேன் என்று தெரியும். சண்டை போடு, போனில் போடு, மூன்றாவது வாக்கியத்திலேயே குறுக்கிடு, நான் அடுப்பில் தீய்கிறது என்று வைக்க மாட்டேன். உன் பதக்கங்களையும் அட்டையையும் பெட்டியில் போட்டு அனுப்பிவைக்கிறேன், கட்டிலை ஓரெஸ்ட் கேட்டால் கொடுத்துவிடுவேன். ஏனென்றால் நான் இந்த வீட்டை விற்கப் போவதில்லை, நடுவில் இருந்த அந்தச் சுவரைத் திரும்ப எழுப்பப் போவதும் இல்லை. புரோக்கர் அம்மாளிடம் சொல்லவில்லை, ஓரெஸ்டிடம் சொல்லவில்லை. நாளை காலை ஏழு மணிக்கு வரப்போகிற லைலுக்கும் இன்னும் தெரியாது.